கடைசி ஆளுக்கு முதல் சீட்டு

அச்சமற்ற தேர்தல் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறிய நாளன்று, குடிநீர் வாரியத்து மீட்டர்காரர் ஒரு வீட்டு மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர்கள் உள்ளே சட்டமன்ற நேரலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் கத்தியது அவர்களுக்குக் கேட்கவில்லை, அவையில் எழுந்த கைதட்டல் மட்டும் இவருக்கு நன்றாகக் கேட்டது. "இனி இந்த மாநிலத்தில் தேர்தல் என்றால் யாருக்கும் பயம் கிடையாது!" என்று ஓர் அமைச்சர் முழங்கினார். மீட்டர்காரருக்கும் ஒரு நிமிஷம் தெம்பாகத்தான் இருந்தது. நாய் மட்டும் போகவில்லை.

அந்தச் சட்டம் எதற்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முந்தைய தேர்தலில் வாக்குச்சாவடி வேலைக்குப் போனவர்களில் பலருக்கு மிரட்டல் வந்தது. சிலர் வீட்டுக் கண்ணாடி உடைந்தது. அடுத்த தேர்தலுக்கு ஆள் கேட்டபோது, ஊரில் பாதிப் பேருக்குத் திடீரென்று முதுகுவலி வந்துவிட்டது. சட்டமன்றம் கவலைப்பட்டது. பயத்தைப் போக்க இரண்டு வழி இருந்தது. மிரட்டுகிறவர்களைப் பிடித்து உள்ளே போடுவது ஒன்று. அதைச் செய்தால் அவையில் தீர்மானத்துக்குக் கைதூக்கப் போதிய ஆள் இருக்கமாட்டார்கள் என்பதால் இரண்டாவது வழியை எடுத்தார்கள். பயம் இல்லை என்று சட்டம் போட்டார்கள்.

சட்டம் ரொம்பச் சின்னது. தேர்தலில் அச்சம் இல்லை என்றது முதல் பிரிவு. இருப்பதாகச் சொல்வது குற்றம், சிறைத்தண்டனை உண்டு என்றது இரண்டாவது. எதிர்க்கட்சி விடுமா? "அச்சம் இல்லை" என்பதை "அச்சம் அறவே இல்லை" என்று மாற்றியே தீரவேண்டும் என்று நாளெல்லாம் போராடியது. ஆளுங்கட்சி பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தது. ஒருமனதாக நிறைவேறியது.

இப்படி ஒரு சட்டத்தின் கீழ் வேலைபார்க்க, நம் மீட்டர்காரரைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடைப்பது கஷ்டம். அவருக்கு நாய் என்றால் பயம், உயரம் என்றால் பயம், மேலதிகாரி என்றால் பயம், கரண்டு போனால் பயம், வந்தால் பில்லை நினைத்துப் பயம். ஆனாலும் இத்தனை வருஷம் வேலையில் ஒரு குறை கிடையாது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். நாய்க்குப் பயந்தால் மீட்டர் பார்க்க முடியாது, பார்க்காவிட்டால் மேலதிகாரி இருக்கிறார். நாயா, மேலதிகாரியா என்று மனசுக்குள் நிறுத்துப் பார்ப்பார். எது பெரிய பயமோ அதற்கு அடங்கிப் போவார். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு அது கடமை உணர்ச்சி மாதிரித் தெரியும்.

அவர் மனைவிக்கு இதெல்லாம் அத்துப்படி. அந்த அம்மாள் ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வாசலில் உட்கார்ந்து, பல் படம் போட்ட பிளாஸ்டிக் டோக்கன் கொடுக்கிறவர். பயந்தவர்களைப் பார்த்தே காலம் தள்ளியவர். "பயப்படாதீங்கன்னு சொல்லக்கூடாதுங்க. சொன்ன உடனே எழுந்து ஓடிடுவாங்க. கையில ஒரு டோக்கனைக் கொடுத்துடணும். டோக்கன் வாங்கின ஆள் ஓடமாட்டாங்க," என்பார். ஒரே மகள் மருந்துக் கடையில் வேலைபார்த்தாள். ஒரு பச்சை ஸ்கூட்டர் வைத்திருந்தாள். மூன்று பேரும் யார் வம்புதும்புக்கும் போகாத ரகம்.

தேர்தல் வேலைக்கு உத்தரவு வந்தபோது மீட்டர்காரருக்கு நிஜமாகவே முதுகு வலித்தது. ஆனால் முதுகுவலி என்று எழுதிக்கொடுத்தவர்கள் மேல் இரண்டாவது பிரிவு பாய்கிறது என்று கேள்விப்பட்டதும் சரியாகிவிட்டது. பயிற்சிக்குப் போனார்.

பயிற்சியில் அவருக்குப் பிடித்துப்போனது ஒரே விஷயம். வாக்குப்பதிவு ஆறு மணிக்கு முடியும். அப்போது வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் எத்தனை நேரமானாலும் ஓட்டுப் போடலாம், அதற்கு அப்புறம் வருகிறவர்கள் சேர முடியாது. அதனால் அதிகாரி சீட்டுக்கட்டோடு வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். ஒன்றாம் எண் சீட்டு கடைசியில் நிற்கிற ஆளுக்கு. அங்கிருந்து முன்பக்கமாகக் கொடுத்துக்கொண்டே வரவேண்டும். முன்னாலிருந்து தொடங்கினால், கடைசிக்குப் போய்ச் சேருவதற்குள் வால் வளர்ந்துவிடும். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ என்று மீட்டர்காரர் வியந்தார். மதில்மேல் இருக்கிற ஆளுக்கு இப்படி ஒரு தெளிவான விதி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பயிற்சி முடிகிற நேரத்தில் நூலகத்து அம்மாள் ஒருவர் எழுந்தார். "சார், யாராவது மிரட்டினா என்ன செய்யணும்?"

"மிரட்டமாட்டாங்க," என்றார் பயிற்சியாளர். "சட்டத்துல அதுக்கு இடமே கிடையாது. அடுத்த கேள்வி?"

அடுத்த கேள்வி யாரிடமும் இல்லை.

தேர்தல் அன்று எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மீட்டர்காரருக்கு விழுந்த சாவடி ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை. பெஞ்சு சின்னது, முழங்கால் இடித்தது, அவ்வளவுதான் தொந்தரவு. ஆறு அடித்ததும் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு ஓடினார். கைக்குழந்தையோடு ஒரு பெண் மூச்சுவாங்க நின்றுகொண்டிருந்தாள். ஒன்றாம் எண்ணை அவள் கையில் கொடுத்தார். குழந்தை அதை வாயில் வைத்துக்கொண்டது. நாலைந்து பேருக்குக் கொடுத்து முடித்திருப்பார், பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது.

ஜீப்பில் இருந்து மச்சான் இறங்கினார். மர மில் முதலாளி அந்தத் தொகுதியில் வேட்பாளர், இவர் அவருடைய மனைவிக்குத் தம்பி. ஊரே அவரை மச்சான் என்றுதான் சொல்லும். உறவு ஒருவருக்கு, பயம் எல்லோருக்கும். அவர் பின்னால் ஜீப் நிறைய ஆட்கள் இறங்கினார்கள்.

"இவங்களுக்கும் சீட்டு கொடுங்க," என்றார் மச்சான்.

மீட்டர்காரருக்கு ஓடிவிடத் தோன்றியது. ஆனால் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தார். மச்சானா, விதியா? விதியை மீறினால் வேலை போகும், ஜெயில். மச்சான் என்ன செய்வார் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. தெரியாத பயத்தைவிடத் தெரிந்த பயம் கனமாக இருந்தது.

"நேரம் முடிஞ்சுடுச்சுங்க," என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "கடைசி ஆளுக்கு முதல் சீட்டு கொடுத்தாச்சு. இதுக்கப்புறம் வந்தவங்க சேர முடியாது."

மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தார். குழந்தையின் வாயில் இருந்த சீட்டைப் பார்த்தார். சிரித்தார். ஜீப் போய்விட்டது. மீட்டர்காரர் மிச்சப் பேருக்கும் முன்பக்கமாகச் சீட்டு கொடுத்து முடித்தார்.

மில் முதலாளி மூன்றே மூன்று ஓட்டில் தோற்றார். தேர்தல் செல்லாது என்று சட்டமன்றத்தில் மனுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு போன் வந்தது. மீட்டர்காரர் அப்போது ஒரு வீட்டு வாசலில் குனிந்து மீட்டர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மீட்டர்காரருங்களா?"

"ஆமாங்க."

"உங்க பொண்ணு பச்சை ஸ்கூட்டர்தானே? மருந்துக் கடையை விட்டுட்டு, தண்ணித் தொட்டித் தெரு வழியா சாயங்காலம் தனியா வருது. நல்ல பொண்ணு. மெதுவாத்தான் ஓட்டுது."

மீட்டர்காரர் நிமிர்ந்தார். "நீங்க... நீங்க யாருங்க?"

"அக்கறை உள்ளவங்கன்னு வெச்சுக்குங்க. சட்டமன்றக் கமிட்டி உங்களை விசாரணைக்குக் கூப்பிடும். ஜீப் ஆறு மணிக்கு முன்னாடியே வந்துச்சு, நான்தான் வேணும்னே விடலைன்னு அங்க சொல்லிடுங்க. சின்ன விஷயம். நீங்களும் நிம்மதியா இருக்கலாம், நாங்களும் நிம்மதியா இருக்கலாம்."

குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. அதுதான் அவரை இன்னும் கலக்கியது.

அன்று வீட்டில் மூன்று பேரும் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மனைவி விரல்விட்டு எண்ணிச் சொன்னார். "அவங்க சொன்ன மாதிரி சொன்னீங்கன்னா, ஓட்டுப் போட வந்தவங்களை விரட்டினீங்கன்னு உங்களை உள்ளே தள்ளுவாங்க. அந்தத் தேர்தலும் செல்லாம போயிடும். நடந்ததைச் சொன்னீங்கன்னா, இவளை ஏதாவது செஞ்சிடுவாங்க. மிரட்டுறாங்க, பயமா இருக்குன்னு சொன்னீங்கன்னா, அதுக்குத்தான் சட்டமே இருக்கே, அதுக்கும் ஜெயில்." விரல் தீர்ந்துவிடவில்லை, வழிதான் தீர்ந்துவிட்டது. மகள் ஸ்கூட்டர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டர்காரருக்கு அந்தச் சாவியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மறுநாள் அவர் அச்சநிலை சரிபார்ப்பு அலுவலகத்துக்குப் போனார். புதுச் சட்டத்துக்காகவே திறந்த அலுவலகம் அது. சுவரெல்லாம் புது வெள்ளை. வாசலில் இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் இன்னொரு இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் சிரித்த முகத்தோடு ஓர் அதிகாரி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பொறுமையாகக் கேட்டார்.

"மிரட்டினாங்கன்னு சொல்றீங்க. சரி. நீங்க பயந்தீங்களா?"

மீட்டர்காரர் தலையாட்டப் போனார்.

"ஜாக்கிரதையாச் சொல்லுங்க," என்றார் அதிகாரி பரிவாக. "பயந்தாத்தான் அது மிரட்டல். பயப்படலைன்னா அது வெறும் பேச்சு, புகாரே கிடையாது. பயந்தேன்னு சொன்னா புகார் எடுத்துக்கலாம். ஆனா அப்படிச் சொன்னதுக்கு உங்களைக் கைது பண்ணணும். கைதானவர்கிட்ட நாங்க புகார் வாங்கறதில்லை."

"அப்போ நான் என்ன சார் செய்யறது?"

"தைரியமா இருக்கணும். என்னையே எடுத்துக்குங்களேன். இந்த நாற்காலிக்கு வந்த முதல் வாரமே எனக்கு ஒரு போன். நான் என்ன பண்ணேன் தெரியுமா? நம்பரை மாத்தினேன். வீட்டை மாத்தினேன். பசங்களை வேற ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேர்த்தேன். மீசையை எடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் பயம்னு ஒரு வார்த்தை என் வாயில இருந்து வந்திருக்கா?" அதிகாரி ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மனசு வெச்சா எல்லாரும் இப்படி இருக்கலாம்."

விதிப்படி மருத்துவரிடமும் காட்டினார்கள். மருத்துவர் நாடி பிடித்துப் பார்த்தார். இத்தனை நாளில் ஒருவராவது கையைப் பிடித்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாரே என்று மீட்டர்காரருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. படபடப்பு கொஞ்சம் அடங்கியது. "நாடி நார்மல். பயம் இல்லை," என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆனாலும் அதிகாரிக்கு ஈரநெஞ்சு. ஒரு காவலரைத் துணைக்கு அனுப்பினார். பாதுகாப்பு என்று சொன்னால் ஆபத்து இருப்பதாக அர்த்தம் ஆகிவிடும் என்பதால், அவருக்கு "உடன் நடப்பவர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆறடி உயரம், அகலமான தோள். மீட்டர்காரருக்கு உயிரே வந்தது. ஒரு நாள் முழுக்க இரண்டு பேரும் வீடு வீடாக மீட்டர் பார்த்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் உடன் நடப்பவர் மெல்ல இருமினார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. என்னைக் கொஞ்சம் பஸ் ஸ்டாப் வரைக்கும் விட்டுட்டு வர்றீங்களா?"

"ஏங்க?"

"அந்த முக்குல ஒரு நாய் நிக்குது சார். அப்புறம்... எனக்கும் ஒரு போன் வந்துச்சு. உங்ககூட நடக்க வேணாம்னு சொன்னாங்க. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க."

மீட்டர்காரர் அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அந்த நாயை அவருக்குத் தெரியும். கல்லை எடுக்கிற மாதிரிக் குனிந்தாலே போதும். அதைச் சொல்லிக்கொடுத்தபோது உடன் நடப்பவர் கண் கலங்கிவிட்டார்.

கமிட்டி நாளும் வந்தது. காலையில் மகள் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மீட்டர்காரர் பக்கத்தில் போய் நின்றார்.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுடேன்மா."

"இன்னிக்குப் போடலாம். நாளைக்கு?" துணியை உதறினாள். "எனக்கும் பயமாத்தான்பா இருக்கு. கடையில யாராவது உள்ளே வந்தாலே திக்குங்குது. ஆனா நீங்க பொய் சொல்லிட்டு ஜெயிலுக்குப் போயிட்டா, அப்புறம் நான் பயந்தா யார்கிட்ட வந்து சொல்வேன்? அதையும் சேர்த்து யோசிச்சுக்குங்க."

அவர் பஸ்ஸில் உட்கார்ந்து நிறுத்துப் பார்த்தார். ஜெயிலை ஒரு பக்கம் வைத்தார். மகளை ஒரு பக்கம் வைத்தார். ஜெயில் பஞ்சு மாதிரி மேலே போய்விட்டது. எல்லோர் முன்னாலும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. நேரலையில் நாடே கேட்கும். அதற்குப் பிறகு அவள் மேல் ஒரு தூசு விழுந்தாலும் யார் செய்தது என்று நாட்டுக்கே தெரியும். எவனும் கைவைக்க யோசிப்பான். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு ஒரு திட்டம் இருந்தது.

சட்டமன்றத்து நடைபாதையில் ஒரு நீள பெஞ்சு. வேறு சாவடிகளில் வேலைபார்த்தவர்களும் வந்திருந்தார்கள். நூலகத்து அம்மாள், டிரில் மாஸ்டர், கருவூலத்து கிளார்க், கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர். உடன் நடப்பவரும் கடைசியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிரே சுவரில் ஒரு தொலைக்காட்சியில் உள்ளே நடப்பது நேரலையாக ஓடியது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், "பயமில்லை" என்றார்கள், வெளியே வந்தார்கள். டிரில் மாஸ்டர் அதை அட்டென்ஷனில் நின்று சொன்னார். வெளியே வந்ததும் தண்ணீர் கேட்டார்.

மீட்டர்காரரைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். கமிட்டி அறையில் இரண்டு கட்சிக்காரர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் நடுவில். மைக் சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு அவர் தொடங்கினார்.

"இந்த மாமன்றத்தின் மேல் சிலர் குறை சொல்கிறார்கள். பயத்தை ஒழித்துவிட்டோம் என்று வெறும் வாயால் சொல்கிறோமாம். நான் கேட்கிறேன், சட்டம் வந்த நாளில் இருந்து பயம் என்று ஒரு புகாராவது பதிவாகி இருக்கிறதா? இல்லை! பதிவு செய்ய வந்தவர்களைத் திருப்பி அனுப்பியே கை ஓய்ந்துவிட்டது என்று அலுவலகம் தெரிவிக்கிறது. இதைவிடப் பெரிய வெற்றி எந்த மாநிலம் கண்டது? என் சொந்தத் தொகுதியில் பாருங்கள், தேர்தல் அன்று ஒரு சத்தம், ஒரு சச்சரவு கிடையாது. என் ஆட்கள் நின்ற தெருக்களில் ஜனங்கள் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு அமைதி!"

இரண்டு கட்சியும் மேஜையைத் தட்டியது. தலைவர் மீட்டர்காரர் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கள். அச்சம் இல்லாமல் சொல்லுங்கள்."

மீட்டர்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பேசிவிட்டார்.

"ஐயா, எனக்குப் பயமா இருக்கு. ஜீப் ஆறு மணிக்கு அப்புறம்தான் வந்துச்சு. முன்னாடி வந்துச்சுன்னு சொல்லச் சொல்லி போன்ல மிரட்டறாங்க. எனக்கு ஒரே மகள். பச்சை ஸ்கூட்டர்ல, மருந்துக் கடையை விட்டு, தண்ணித் தொட்டித் தெரு வழியா சாயங்காலம் தனியா வருவா. அவளை ஏதாவது செஞ்சிடுவோம்னு சொல்றாங்க. என்னை என்ன வேணா செய்யுங்க, அவளைக் காப்பாத்துங்க ஐயா."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. செயலாளர் பக்கம் சாய்ந்தார்.

"பயம் என்ற சொல் அவைக்குறிப்பில் இருந்து நீக்கப்படுகிறது. அது அவை நாகரிகத்துக்குப் புறம்பானது. மிரட்டல், அதுவும் அப்படியே, நீக்கிவிடுங்கள். ஜீப் என்றது ஒரு மதிப்புக்குரிய குடும்பத்தைக் குறிக்கிறது. பதில் சொல்ல அவர்கள் இங்கே இல்லை, எடுத்துவிடுங்கள். ஆறு மணி என்பது விசாரணையில் இருக்கும் விஷயம். காப்பாற்றுங்கள் என்று சொல்வது இந்த அவைக்கு உத்தரவு போடுவது மாதிரி. மிச்சத்தை வாசியுங்கள்."

செயலாளர் பேனாவால் அடித்துக்கொண்டே வந்தார். பிறகு எழுந்து, கணீரென்று வாசித்தார்.

"'ஐயா, எனக்கு ஒரே மகள். பச்சை ஸ்கூட்டர்ல, மருந்துக் கடையை விட்டு, தண்ணித் தொட்டித் தெரு வழியா சாயங்காலம் தனியா வருவா.'"

"அருமை!" என்றார் தலைவர். "பின்வரிசை உறுப்பினர்களுக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு முறை."

செயலாளர் இன்னொரு முறை வாசித்தார். இன்னும் நிறுத்தி, தெரு பெயரை அழுத்தி வாசித்தார்.

"ஒரு பெண் சாயங்காலம் தனியாக, குறிப்பிட்ட ஒரு தெரு வழியாக, பயமில்லாமல் வீட்டுக்கு வருகிறாள்! இந்தச் சட்டத்துக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? இதை அச்சடித்து எல்லாப் பத்திரிகைக்கும் கொடுங்கள். இந்த வாக்குமூலம் தந்த அலுவலருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்."

மேஜைகள் அதிர்ந்தன. மீட்டர்காரருக்குக் காது அடைத்துக்கொண்டது. நேரலை என்பது பெயருக்குத்தான், நீக்கியது போக மிச்சம்தான் வெளியே போகும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தெரியாதவனுக்கும் தெரிந்துவிட்டது. தன் வாயாலேயே எல்லோருக்கும் வழி சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று புரிந்தது. கெஞ்சினார், அழுதார், அதையும் நீக்கினார்கள். நன்றித் தீர்மானம் முடியும்வரை வெளியே விடவில்லை. போட்டோவுக்கு நிற்கவைத்தார்கள். "கொஞ்சம் சிரிங்க சார்," என்றான் போட்டோக்காரன்.

வெளியே வந்தால் நடைபாதை காலி. பெஞ்சில் ஒருவரும் இல்லை. தலைக்கு மேல் தொலைக்காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிவிட்டார்கள் என்று நினைத்தார். அவர்களைக் குறை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. மகளுக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவள் எடுக்கமாட்டாள், அப்படிச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். மனைவியின் போனும் அடித்து ஓய்ந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். வழியெல்லாம் அவர் வேண்டாத தெய்வம் இல்லை.

தண்ணீர்த் தொட்டித் தெரு முனையில் இறங்கியபோது பொழுது மங்கிக்கொண்டிருந்தது. தெருவுக்குள் திரும்பினவர் நின்றுவிட்டார்.

தெருவில் ஒரு வரிசை நின்றது. இந்த முனையில் இருந்து தொட்டி வரைக்கும், சுவர் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நின்றது. டிரில் மாஸ்டர் இருந்தார். கருவூலத்து கிளார்க் இருந்தார். கம்பவுண்டர் இருந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு. உடன் நடப்பவர் ஒரு நாய் பக்கத்தில் வரும்போதெல்லாம் குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். அவரவர் சாவடியில் கூட வேலைபார்த்த வேறு முகங்களும் இருந்தன. கைக்குழந்தையோடு அந்தப் பெண்கூட இருந்தாள். முன்னால் அவர் மனைவி, கிளினிக்கைப் பாதியில் விட்டுவிட்டு, டோக்கன் டப்பாவும் கையுமாக நின்றார். கடைசியில் நூலகத்து அம்மாள்.

"எல்லாரும் எப்படி இங்கே..." என்றார் மீட்டர்காரர்.

"டிவியில பார்த்தோம்," என்றார் நூலகத்து அம்மாள். "உங்க வாய் அசையுது, சத்தம் வரலை. அந்த இடத்துல எல்லாம் என்ன சொல்லியிருப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? எங்களுக்கும்தானே போன் வந்துச்சு." தெருமுனையை எட்டிப் பார்த்துக்கொண்டார். "வந்துட்டோமே தவிர எனக்குக் கால் நிக்கலை சார். ஓடிப் போயிடலாமான்னு இருக்கு. என்ன செய்யணும்னே தெரியலை. அதான் பழக்க தோஷம், வரிசையா நின்னுட்டோம்."

மனைவி ஓடிவந்து டோக்கன் டப்பாவை அவர் கையில் திணித்தார். "கொடுங்க," என்றார். "சீக்கிரம் கொடுங்க."

மீட்டர்காரர் ஒன்றாம் எண் டோக்கனை எடுத்து நூலகத்து அம்மாள் கையில் வைத்தார். அங்கிருந்து முன்பக்கமாகக் கொடுத்துக்கொண்டே போனார். வாங்கியவர்கள் அதை இறுக்கப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தை தன் பங்கை வாயில் வைத்துக்கொண்டது.

பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. இஞ்சினை அணைக்கவில்லை. மச்சான் இறங்கினார். வரிசையை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"என்ன க்யூ இது? எதுக்கு நிக்கறீங்க?"

மீட்டர்காரர் முன்னாலிருந்து கடைசிக்கு நடந்து வந்தார். அந்தத் தெரு அவ்வளவு நீளமாக இருந்ததே இல்லை. நிறுத்துப் பார்க்க எதுவும் பாக்கியில்லை, இருக்கிற பயமெல்லாம் ஒரே பக்கத்தில்தான் இருந்தது.

"நேரம் முடிஞ்சுடுச்சுங்க," என்றார். குரல் கிணற்றுக்குள் இருந்துதான் வந்தது, ஆனால் வந்தது. "கடைசி ஆளுக்கு முதல் சீட்டு கொடுத்தாச்சு. இதுக்கப்புறம் வந்தவங்க சேர முடியாது."

தெருவின் அந்த முனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பச்சை ஸ்கூட்டர் மெதுவாகத் திரும்பி, ஒன்றும் புரியாமல் தயங்கி, வரிசையின் ஓரமாக வந்துகொண்டிருந்தது. மச்சான் ஓரடி முன்னால் வைத்தார். மீட்டர்காரருக்கு முழங்கால் ஆடியது. நூலகத்து அம்மாளுக்கு ஆடியது. தொட்டி வரைக்கும் அத்தனை பேருக்கும் ஆடியது. ஆனாலும் ஒருவரும் நகரவில்லை. சீட்டு வாங்கியவர்கள், வந்த வேலை முடியாமல் வரிசையை விட்டுப் போவதில்லை.